நயேலியைக் கூட்டிக்கொண்டு போன சாயங்காலம்

வாலண்டியரா போகலாமான்னு கேக்கறியா? தாராளமா போகலாம் தாரணி. டிபெண்டன்ட் விசால போறவ அங்க சம்பளத்துக்குத்தான் வேலை பார்க்கக் கூடாது. சும்மா செய்யறதை யாரும் தடுக்க மாட்டாங்க. சும்மா செய்யறதுன்னா வாசல்லயே வரவேற்பு.

உக்காரு. காபி கலக்கச் சொல்றேன். உங்கம்மா போன்ல, "மீனலோசனி அஞ்சு வருஷம் இருந்துட்டு வந்திருக்கா, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு அவகிட்ட கேட்டுக்கோ"ன்னு சொல்லி அனுப்பறேன்னாங்க. அதெல்லாம் எழுதித் தரேன். குக்கர் கேஸ்கட் ரெண்டு எடுத்துக்கோ, புளி வேண்டாம், அங்கயே கிடைக்கும். ஆனா நீ வந்து உக்காந்ததும் அதைக் கேக்கல. அவர் ஆபீஸ் போனப்புறம் பகல் முழுக்க என்னக்கா செய்யறதுன்னு கேட்டே. அதை யாரும் கேக்கறதில்ல. நானும் போறதுக்கு முன்னாடி கேக்கல.

முதல் மூணு வருஷம் நான் என்ன செஞ்சேன்னு கேட்டா எனக்கே ஞாபகம் இல்ல. சமைச்சேன். துடைச்சேன். ஜன்னல் வழியா பார்க்கிங்கைப் பார்த்தேன். இங்க பசுமலைல ஒரு மெட்ரிகுலேஷன் ஸ்கூல்ல நாப்பது பிள்ளைங்களுக்குக் கணக்கு எடுத்தவ நான். பிரம்பே இல்லாம கிளாஸைக் கையில வெச்சிருந்தேன். அங்க போனா பேசறதுக்குக் குக்கர்தான் இருக்கு. அதுல ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சது ஒரு ரெண்டு வருஷம். அது வேற. அதை விடு.

டெக்சாஸ்ல எங்க ஊர் சின்ன ஊர். அபார்ட்மென்ட்ல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு சர்ச். அதோட பின்பக்க ஹால்ல சாயங்காலம் மூணுல இருந்து ஆறு வரைக்கும் பிள்ளைங்களுக்கு ஒரு வகுப்பு நடக்கும். ஸ்கூல் விட்டு வந்ததும் அப்பா அம்மா வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் பிள்ளைங்க அங்க இருக்கும். வீட்டுப்பாடம் செய்யும், ஏதாவது சாப்பிடும், விளையாடும். எல்லாம் ஸ்பானிஷ் பேசற வீட்டுப் பிள்ளைங்க. மெக்சிகோ, குவாத்தமாலா, அந்தப் பக்கம். அப்பா அம்மா எல்லாம் கோழிக்கறி வெட்டற ஃபேக்டரி, கட்டட வேலை, ஓட்டல் ரூம் சுத்தம் பண்றதுன்னு போறவங்க. நடத்தறவங்க பேரு கிரசியேலா. அம்பத்தஞ்சு வயசு இருக்கும், குட்டையா, குரல் மட்டும் பெரிசா. கணக்குச் சொல்லிக் குடுக்க ஆள் வேணும்னு வாசல்ல ஒட்டியிருந்தாங்க. போய் நின்னேன்.

கைரேகை எடுத்தாங்க. ஒரு வீடியோ போட்டுக் காட்டினாங்க. பிள்ளையோட தனியா இருக்கக் கூடாது, எப்பவும் ரெண்டு பெரியவங்க இருக்கணும், பிள்ளையை வெளிய கூட்டிட்டுப் போகக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டேன். ஆமா, போட்டேன். நாம எத்தனை காகிதத்துல போடறோம்.

எனக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது அப்ப. முதல் நாள் பிள்ளைங்க என்னை 'மாயெஸ்த்ரா, மாயெஸ்த்ரா'ன்னு கூப்பிடுது. டீச்சர்னு அர்த்தம். என் காதுக்கு மேஸ்திரின்னு விழுது. சிரிச்சுட்டேன். மேசையை அவங்களும் மேசான்னுதான் சொல்றாங்க. அட, இது நம்ம பாஷைதான் போலன்னு தைரியம் வந்துருச்சு. மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாப்பொடியும் தூவி டப்பால கொண்டு வரும் பிள்ளைங்க. நம்ம ஸ்கூல் வாசல்ல வண்டில விக்குமே, அதே ருசி. ஒரு ரெண்டு மாசத்துல கொஞ்சம் புரிஞ்சுது. ஒரு வருஷத்துல எல்லாமே புரிஞ்சுது. எனக்குப் புரியும்னு தெரியாம பெத்தவங்க என் முன்னாடியே என்னைப் பத்திப் பேசுவாங்க. இந்த இந்தியாக்காரம்மா நல்லாச் சொல்லிக் குடுக்குதாம், ஆனா சிரிக்க மாட்டேங்குதாம். சரின்னு கேட்டுட்டு இருப்பேன்.

வாய்ப்பாடு பாட வெச்சேன். ராகம் போட்டு, நாம படிச்ச மாதிரியே. கிரசியேலா கதவுல சாஞ்சு கேட்டுட்டு நிப்பாங்க. "மீனா, நீங்க வந்தப்புறம்தான் இந்த ஹால்ல கணக்குச் சத்தம் கேக்குது"ன்னாங்க. இது அவங்க வாயால சொன்னது. ஞாபகம் வெச்சுக்கோ.

அதுல ஒரு பிள்ளை நயேலி. எட்டு வயசு. அமைதியான பிள்ளை. ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாச் சொல்லும். இடுப்பு வரைக்கும் முடி, கருகருன்னு, நம்ம பிள்ளைங்களுக்கு இருக்கற மாதிரி. ஆனா அதை ஒரு நாளாவது சீவி விட்டுப் பார்த்ததில்ல நான். ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு அள்ளிக் கட்டியிருக்கும், இல்லேன்னா அதுவும் இல்ல. அவ அம்மா ஹசிந்தா கோழி ஃபேக்டரில காலை ஆறு மணி ஷிஃப்ட். பிள்ளை தானா எந்திரிச்சு, தானா டிரஸ் போட்டு, பக்கத்து வீட்டு ஆளோட ஸ்கூல் பஸ்ஸுக்குப் போகணும். அப்பா இல்ல. எங்கன்னு நான் கேக்கல. அந்தம்மா சாயங்காலம் வர்றப்ப ரப்பர் பூட்ஸோட வரும், கை ரெண்டும் வெந்த மாதிரி சிவந்திருக்கும். பிள்ளையை ஒரு முத்தம் கூடக் குடுக்காது, "வா வா"ன்னு இழுத்துட்டுப் போகும். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகும். பெத்தவதான், இருந்தாலும் ஒரு பத்து நிமிஷம் தலை சீவ முடியாதா?

ஒருநாள் சீப்பு கொண்டு போயிட்டேன். இடைவேளைல நயேலியை உக்கார வெச்சுச் சிக்கெடுத்துட்டு இருக்கேன், கிரசியேலா வந்து என் கையைப் பிடிச்சாங்க. கோபமா இல்ல. மெதுவாத்தான். "மீனா, இதை அவங்க அம்மா செய்வாங்க."

"செய்யறதில்லையே."

"செய்யாட்டியும் அவங்கதான் செய்யணும்."

என்ன பேச்சு இது, சொல்லு. சீப்பைப் பையில போட்டுக்கிட்டேன். அதுக்கப்புறம் நான் தொடல. ஹால்ல தொடல.

ஏப்ரல் மாசம் ஒரு வியாழக்கிழமை. கிரசியேலா பல் டாக்டர்கிட்ட போயிருந்தாங்க, சீக்கிரமே கிளம்பிட்டாங்க. ஹால்ல நானும் காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணும்தான். ஆறு மணிக்குள்ள எல்லாப் பிள்ளைங்களும் போயாச்சு. நயேலி மட்டும். ஹசிந்தா வரல. அந்தக் காலேஜ் பொண்ணு வாட்சைப் பார்க்குது. "நீ போம்மா, நான் இருக்கேன்"னேன். போயிருச்சு.

ரொம்ப நேரம் காத்திருந்தேன் தாரணி. ரொம்ப நேரம். ஆறு பத்து வரைக்கும்.

வழக்கம் என்னன்னா, பெத்தவங்க வரலேன்னா சுவத்துல ஒட்டியிருக்கற நம்பருக்குப் போன் போடணும், கிரசியேலாவுக்கும் போடணும், ரெண்டு பேரா அங்கயே உக்காந்திருக்கணும். ரெண்டு பேருக்கு எங்க போறது? இருக்கறது நான் ஒருத்தி. பிள்ளை பசியோட இருக்கு. மத்தியானம் ஸ்கூல்ல சாப்பிட்டது, மூணரைக்கு நாலு பிஸ்கட்டும் ஒரு ஆரஞ்சும். என் வீடு பத்து நிமிஷ நடை. கதவுல ஒரு பேப்பர் எழுதி ஒட்டினேன். பிள்ளை என்கிட்ட இருக்கு, பத்திரமா இருக்குன்னு இங்கிலீஷ்ல எழுதி, கீழ என் நம்பரும் எழுதினேன். எழுதினேன்னுதான் நினைக்கிறேன். கதவைப் பூட்டிட்டு, அவ பையை நான் தூக்கிக்கிட்டேன், அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன்.

அங்க ஏப்ரல்ல எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். நல்ல வெயில். நடந்து போறப்ப அவ ஒவ்வொரு வீட்டு நாயையும் எனக்குக் காட்டிட்டு வந்தா. 'பெர்ரோ'ன்னு சொல்லச் சொல்லுவா. நான் சொன்னா, சரியாச் சொல்றீங்கன்னு தலையாட்டுவா. எதிர்ல ஒரு வயசான அமெரிக்கக்காரம்மா வந்துச்சு, எங்க ரெண்டு பேரையும் பார்த்துச்சு. "உங்க பொண்ணு அழகா இருக்கா"ன்னுச்சு. தேங்க்ஸ்னு சொன்னேன். வேற என்ன சொல்றது, நடுரோட்டுல நின்னு கதை சொல்லிட்டா இருக்க முடியும்?

வீட்டுல தக்காளி ரசம் இருந்துச்சு, உருளைக்கிழங்கு பொடிமாஸ் இருந்துச்சு. சோத்தைக் குழைய வெச்சு நெய் ஊத்திப் பிசைஞ்சு குடுத்தேன். ஒரு குட்டி நாற்காலி இருந்துச்சு வீட்டுல, ரெண்டு வருஷம் முன்னாடி யாரோ வாசல்ல வெச்சு வித்தாங்கன்னு வாங்கிட்டு வந்தது. செடி வைக்கலாம்னு வாங்கினேன். வைக்கவே இல்ல. அதுல போய் உக்காந்துக்கிட்டா. முட்டி ரெண்டும் மேல வந்துருச்சு, தட்டை முட்டி மேல வெச்சுக்கிட்டுச் சாப்பிட்டா. முதல்ல முகம் சுளிச்சா. அப்புறம் உருளைக்கிழங்கை மட்டும் தின்னா. அப்புறம் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினா. தாரணி, அந்த வீட்டுல நானும் அவரும் சாப்பிடற சத்தம் எனக்கு மனப்பாடம். ஸ்பூன் எப்ப தட்டுல படும், எப்ப தண்ணி குடிப்பாருன்னு கூடத் தெரியும். அன்னைக்கு வேற சத்தம் கேட்டுச்சு. நான் அடுப்பைப் பார்த்துட்டு நின்னுட்டேன் கொஞ்ச நேரம்.

சாப்பிட்டு முடிச்சதும், "அம்மா வந்திருப்பாங்களா?"ன்னு கேட்டா. வரட்டும், தலை சீவிட்டுப் போகலாம்னேன்.

தேங்காய் எண்ணெய் வெச்சேன். சிக்கு எடுக்கவே இருவது நிமிஷம் ஆச்சு. வலிச்சிருக்கும், ஒரு சத்தம் போடல. ரெண்டாவது தடவை அம்மாவைக் கேட்டப்ப ஒரு பக்கப் பின்னல் முடிஞ்சு இன்னொரு பக்கம் பாதியில இருக்கு. பாதில விட்டுட்டு எப்படிப் போறது? இதோ ஆச்சு, இதோ ஆச்சுன்னு சொல்லிட்டே பின்னினேன். அழவெல்லாம் இல்ல. ஜன்னலைப் பார்த்துட்டே இருந்தா, அவ்வளவுதான். ரெட்டைப் பின்னல் போட்டு, மடிச்சுக் கட்டி, நெத்தில ஒரு சின்னப் பொட்டு வெச்சு, கண்ணாடி முன்னாடி நிறுத்தினேன். சிரிச்சா. சிரிச்சான்னுதான் எனக்கு ஞாபகம்.

போன் ஹால்ல இருக்கறப்ப சைலன்ட்ல போடணும், அது அங்க சட்டம். மாத்த மறந்துட்டேன். மேசை மேல இருந்துச்சு. ஒரு தடவை வெளிச்சம் வந்து போச்சு, பார்த்தேன். கை முழுக்க எண்ணெய். எப்படி எடுக்கறது?

எட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி கதவு தட்டற சத்தம். திறந்தா கிரசியேலா, ஒரு கன்னம் வீங்கி இருக்கு. பின்னாடி ஹசிந்தா. அதுக்குப் பின்னாடி ஒரு போலீஸ்காரர். அந்தம்மா என்னைப் பார்க்கவே இல்ல. என்னைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்துச்சு, பூட்ஸோட. பிள்ளை முன்னாடி மண்டி போட்டு, முகம், கை, முதுகுன்னு ஒவ்வொண்ணா தொட்டுப் பார்த்துச்சு. நெத்தில இருந்த பொட்டைக் கட்டைவிரலால தேய்ச்சு எடுத்துச்சு. மூச்சு மட்டும் பெரிசாப் பெரிசா வருது.

போலீஸ்காரர் என்கிட்ட பேரு கேட்டார், அடையாள அட்டை கேட்டார். மரியாதையாத்தான் கேட்டார். நயேலிகிட்டயும் குனிஞ்சு என்னவோ கேட்டார். அவ, "உருளைக்கிழங்கு சாப்பிட்டேன்"னா. எழுதிக்கிட்டார். போயிட்டாங்க. பிள்ளையோட பை வீட்டுலயே இருந்துருச்சு, நான்தான் ஓடிப்போய்க் குடுத்தேன். கிரசியேலா வாங்கிக்கிட்டாங்க.

குமரகுரு, அதான் எங்க வீட்டுக்காரர், அவர் வர்றப்ப போலீஸ் வண்டி எங்க பிளாக் வாசல்ல இருந்து கிளம்புது. உள்ள வந்து ஷூவைக் கூடக் கழட்டல. "விசா புதுப்பிக்கப் போட்டிருக்கற நேரம் இது. ரிப்போர்ட்ல உன் பேரு வந்தா என்ன ஆகும்னு யோசிச்சியா?"ன்னார். பிள்ளைக்குச் சோறு போட்டது ஒரு குத்தமான்னேன். அவர் அந்தக் குட்டி நாற்காலியைப் பார்த்தார். அப்புறம் குனிஞ்சு ஷூவைக் கழட்டினார்.

என்ன நடந்துச்சுன்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது. கிரசியேலா பிள்ளைங்க இல்லாத நேரமாப் பார்த்துப் பகல்ல வரச் சொன்னாங்க. ஹால்ல நாங்க ரெண்டு பேர்தான். உக்காரச் சொன்னாங்க.

அன்னைக்கு ஃபேக்டரில மிஷின் பழுதாகி ஷிஃப்ட் அரை மணி நேரம் நீண்டுருச்சாம். போனெல்லாம் வேலை நேரத்துல லாக்கர்ல. ஹசிந்தா ஆறு இருவதுக்கு வந்து பார்த்தா ஹால் பூட்டியிருக்கு. கதவுல ஒரு பேப்பர், இங்கிலீஷ்ல. அதுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கிரசியேலாவுக்குப் போன் போட்டிருக்கு, அவங்க டாக்டர் நாற்காலில வாயைத் திறந்துட்டு இருக்காங்க. பேப்பரைக் கிழிச்சு எடுத்துட்டு எதிர்ல இருக்கற பெட்ரோல் பங்குக்கு ஓடி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டிருக்கு. அங்க இருந்த ஆளுக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஒரு பொம்பளை அழுதுட்டு, பிள்ளை பிள்ளைன்னு சைகை காட்டினா அவன் என்ன செய்வான்? போலீசுக்குப் போன் போட்டான். வேண்டாம் வேண்டாம்னு அவன் கையைப் பிடிச்சுதாம். அவன் நல்லது செய்யறதா நினைச்சுப் போட்டுட்டான்.

போலீஸ் வந்து முதல்ல கேட்டது, யாரு நீ, எப்படி வந்தே. கார்ல வந்துச்சு. லைசென்ஸ் இல்ல. அந்த ஊர்ல விசா காகிதம் இல்லாம இருக்கறவங்களுக்கு லைசென்ஸ் குடுக்க மாட்டாங்க, ஆனா கார் இல்லாம ஃபேக்டரிக்குப் போகவும் முடியாது, அது ஊருக்கு வெளிய இருவது மைல். காரை இழுத்துட்டுப் போயிட்டாங்க. கோர்ட்டுக்கு வரச் சொல்லி ஒரு சீட்டு. அதுல பேரு, அட்ரஸ் எல்லாம். அதுக்கப்புறம்தான் கிரசியேலா போன் எடுத்தாங்க, பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கச் சொல்லிக் கேட்டாங்க, என் ஃபார்ம்ல இருந்து அட்ரஸைத் தேடினாங்க.

நான் கேட்டேன், "பிள்ளையைக் காணோம்னா போலீசுக்குத்தான போகணும்? அதுக்கு எதுக்கு இவ்வளவு பயம்? தப்பு செஞ்சவங்கதான பயப்படணும்?"

கிரசியேலா டிராயர்ல இருந்து ஒரு பேப்பரை எடுத்து என் முன்னாடி வெச்சாங்க. என் கையெழுத்துதான். 'நயேலி என்னோட இருக்கிறாள். பத்திரமாக இருக்கிறாள். மீனா.' அவ்வளவுதான் இருந்துச்சு.

"நம்பர் எங்க?"

"அவசரத்துல விட்டுப்போயிருக்கு."

"சுவத்துல ஹசிந்தாவோட நம்பர் இருக்கு. ஒரு மெசேஜ் விட்டிருக்கலாமே?"

"போன்ல பேசற அளவுக்கு எனக்கு ஸ்பானிஷ் எங்க தெரியும்?"

அவங்க என்னை ஒரு நிமிஷம் பார்த்தாங்க. "பதினோரு தடவை உங்களுக்குப் போன் பண்ணினேன், மீனா."

"சைலன்ட்ல இருந்துச்சு."

"சரி." கையை மடிச்சு வெச்சுக்கிட்டாங்க. "இருவத்திரெண்டு பிள்ளைங்க வந்துட்டு இருந்துச்சு. நேத்து எட்டுப் பேர்தான் வந்தாங்க. இங்க போலீஸ் வந்துச்சுன்னு பரவிருச்சு. மத்த பிள்ளைங்க எல்லாம் இப்ப எந்த வீட்டுல கதவைப் பூட்டிட்டுத் தனியா உக்காந்திருக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்க கெட்டவங்கன்னு நான் நினைக்கல. ஆனா இனிமே வர வேண்டாம்."

ஒன்றரை வருஷம் தாரணி. மழை, பனி எதையும் பார்க்கல, ஒரு நாள் லீவு போடல. ஒரே வாக்கியம், இனிமே வர வேண்டாம். என் வாய்ப்பாட்டு அட்டை எல்லாம் சுவத்துல அப்படியே தொங்குது, கலர் கலரா நான் எழுதினது. அதைக் கழட்டி எடுத்துட்டுப் போகட்டுமான்னு கேட்டேன். பிள்ளைங்களுக்கு வேணுமேன்னாங்க. அட்டை வேணும், நான் வேண்டாம்.

அதுக்கப்புறம் ஒரு ரெண்டு மாசம் நான் வெளிய போகல. தெருவுல போலீஸ் வண்டி போனா ஜன்னல் திரையை இழுத்து விட்டுருவேன். கடிதப் பெட்டியைத் திறக்கவே மாட்டேன், விசா ஆபீஸ்ல இருந்து ஏதாவது வந்திருக்குமோன்னு. யாராவது கதவைத் தட்டினா லைட்டை அணைச்சுட்டு உக்காந்திருப்பேன். ஒரு தப்பும் செய்யாதவளுக்கு இந்த நிலைமை. அந்த ஹசிந்தாவுக்காவது சொந்தக்காரங்க நாலு பேர் இருப்பாங்க. எனக்கு யார் இருக்கா அந்த ஊர்ல?

எங்க விசா ஒண்ணும் ஆகல. புதுப்பிச்சு வந்துருச்சு. ஹசிந்தாவுக்கு ஃபேக்டரி வேலை போயிருச்சுன்னு கேள்விப்பட்டேன். கார் இல்லையே. கோர்ட்டுக்குப் போச்சா, என்ன ஆச்சு, தெரியாது. கிரசியேலாவுக்கு ரெண்டு மெசேஜ் போட்டேன், பிள்ளை எப்படி இருக்குன்னு. பார்த்ததா காட்டுச்சு. பதில் இல்ல.

கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, போன செப்டம்பர்ல, அங்க ஒரு மெக்சிகோ கடை இருக்கு, நம்ம பச்சை மிளகா, கொத்தமல்லி எல்லாம் அங்கதான் நல்லா இருக்கும், நீ போனா உனக்கும் அங்கதான் ஏதாவது கிடைக்கும். அங்க போயிருந்தேன். தக்காளி பொறுக்கிட்டு நிமிர்றேன், எதிர்ல நயேலி. எனக்குச் சட்டுன்னு அடையாளம் தெரியல. முடியைக் கழுத்தோட வெட்டியிருக்கு. அத்தனை முடியை எப்படித்தான் மனசு வந்து வெட்டினாளோ.

"மாயெஸ்த்ரா"ன்னு ஓடி வந்துச்சு பிள்ளை. ஓடி வந்து, ரெண்டடி தள்ளி நின்னுருச்சு. திரும்பிப் பார்த்துச்சு. ஹசிந்தா வண்டியைத் தள்ளிக்கிட்டு வருது. ரப்பர் பூட்ஸ் இல்ல, ஏதோ ஓட்டல் யூனிஃபார்ம், நெஞ்சுல பேரு குத்தியிருக்கு. இளைச்சுப் போயிருந்துச்சு. என்னைப் பார்த்து நின்னுச்சு. போயிரும்னு நினைச்சேன். போகல. கிட்ட வந்துச்சு.

பிள்ளையோட தோள்ல கை வெச்சு, என்னையே பார்த்துக்கிட்டு, ஸ்பானிஷ்ல மெதுவாப் பேசுச்சு. கோபமே இல்ல குரல்ல. அந்த ஊர்ல பெத்தவங்க பேசறதையெல்லாம் பிள்ளைங்கதான் இங்கிலீஷ்ல மாத்திச் சொல்லும், ஆஸ்பத்திரில, கடைல, ஸ்கூல்ல. அந்த வழக்கத்துல பிள்ளைகிட்ட சொல்லுது. "இந்தம்மாகிட்ட சொல்லு. அந்த ஒன்றரை மணி நேரம் நீ செத்துட்டேன்னு நான் நினைச்சுட்டு இருந்தேன்னு சொல்லு. ரோட்டோரம் ஒவ்வொரு குப்பைத்தொட்டியாத் திறந்து பார்த்தேன்னு சொல்லு. அந்த நேரம் இவங்களுக்குச் சந்தோஷமா இருந்துச்சான்னு கேளு. எனக்கு அது தெரியணும்."

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது.

நயேலி அவங்க அம்மாவை நிமிர்ந்து பார்த்துச்சு. அப்புறம் என்னைப் பார்த்துச்சு. எட்டு வயசுப் பிள்ளை, அதுக்குள்ள ஒன்பது ஆகியிருக்கும். நல்ல இங்கிலீஷ்ல, "நீங்க நல்லா இருக்கீங்களான்னு அம்மா கேக்கறாங்க"ன்னுச்சு.

ரெண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க, பதிலுக்கு.

நான் ஆமான்னு சொன்னேன். ஸ்பானிஷ்லயே சொன்னேன், 'சீ'ன்னு. வாயில அதான் வந்துச்சு.

ஹசிந்தா தலையை ஒரு தடவை ஆட்டுச்சு. தெரிய வேண்டியது தெரிஞ்சுருச்சுங்கற மாதிரி. பிள்ளையை வண்டிக்கு அந்தப் பக்கம் நிறுத்திக்கிட்டு, பில் போடற இடத்துக்குப் போயிருச்சு. நயேலி திரும்பிப் பார்க்கல.

நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. பிள்ளை என்ன கேட்டுச்சு? நல்லா இருக்கீங்களான்னுதான கேட்டுச்சு? நான் அதுக்குத்தான் பதில் சொன்னேன்.